எண்ணெய் தொடாத கை

அன்று மடத்தில் இருந்தவர்கள் பதினொரு பேர்.

அம்மையார். வயது நாற்பத்தொன்று. மடம் அவருடையது.

தணிகாசலம். வயது அறுபத்தொன்று. முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சீடராகி நாற்பத்தெட்டு நாள். குருவைவிட இருபது வயது மூத்த சீடர்.

சமையல் வைத்தியலிங்கம். மரம் ஏறி அந்த வருஷத்து முதல் பலாப்பழத்தை இறக்கிய கோதண்டம். வாசல் பெருக்க வரும் அக்காள் தங்கை இருவர். நெல்லிக்குப்பத்திலிருந்து வந்திருந்த கணக்கு வாத்தியாரும் அவர் மனைவியும். பேசாத விரதம் பூண்ட கிழவர் ஒருவர். மின்சார மீட்டர் கணக்கெடுக்க வந்து, பழத்தின் வாசனையில் கிளம்ப மனமில்லாமல் உட்கார்ந்துவிட்ட ஒருவர்.

இதோடு பத்து.

பதினோராவது ஆள் வழியில் வந்துகொண்டிருந்தாள்.

நாய் ஒன்று உண்டு. அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

*

"கரையலம்மா," என்றார் தணிகாசலம்.

கண்ணாடி டம்ளரை அம்மையார் முன்னால் டக்கென்று வைத்தார். தண்ணீர் தளும்பித் தரையில் சிந்தியது. டம்ளரின் அடியில் புளியங்கொட்டை அளவுக்குப் பழுப்பாக ஓர் உருண்டை கிடந்தது.

"எது கரையல?"

"ரெண்டும்தான்."

அவர் வந்து சேர்ந்த அன்று அம்மையார் அந்த உருண்டையைப் பலா மரத்திலிருந்து கிள்ளிக் கொடுத்தார். கத்தி பட்ட இடத்தில் பால் வடிந்து, காய்ந்து, இறுகிக் கிடந்தது அது.

"இதைக் கரைச்சுக்கிட்டு வாங்க. அப்புறம் உங்க கோபத்தைப் பத்திப் பேசலாம்," என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

தணிகாசலம் விடவில்லை. பச்சைத் தண்ணீரில் பதினாறு நாள் போட்டார். வெந்நீரில் பன்னிரண்டு நாள். உப்புத் தண்ணீரில் எட்டு. புளித் தண்ணீரில் ஏழு. மோரில் ஐந்து. உருண்டை முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. கழுவிக் கழுவிக் கொஞ்சம் பளபளப்புதான் கூடியிருந்தது.

தம்மையும் அவர் விடவில்லை. விடியலில் குளத்தில் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் ஒரு மணி நேரம் நின்றார். வியாழக்கிழமைகளில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் தொடவில்லை. உள்ளே இருந்ததும் அப்படியேதான் இருந்தது.

"நாளைக்குக் காலையில என் பேத்திக்குக் காது குத்து," என்றார். "ஒன்பதுலேர்ந்து பத்தரை முகூர்த்தம். கோபத்தை எங்கயாவது தொலைச்சுட்டு வா, அதைக் கூட்டிக்கிட்டு இந்தப் படி ஏறாதேன்னு என் பொண்டாட்டி சொல்லி அனுப்பினா. இன்னிக்கு ஒரு பகல்தான் பாக்கி. கரையுமா, கரையாதா? ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க."

"தண்ணியில மட்டும்தான் போட்டீங்களா?"

"கரைக்கிறதுன்னா தண்ணியிலதானேம்மா!"

அம்மையார் டம்ளரைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். பேசவில்லை.

அம்மையாருக்கும் கோபம் வரும். வந்தால் சொல் குறையும்.

மடைப்பள்ளி வாசலில் இருந்த வைத்தியலிங்கம் சிரித்தான். "பலா மரத்து ஊர்ல பொறந்து அறுபத்தோரு வருஷமாச்சு. இதுகூடத் தெரியல."

"நான் பஸ் ஜன்னல்ல சுளையா வாங்கித் தின்னவன்யா. முழுப் பழத்தை யார் தொட்டா? உன் வேலையப் பாரு!"

நாய் எழுந்து தள்ளிப் போய்ப் படுத்தது.

*

காது குத்தும்போது குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார்த்தி வைப்பது வழக்கம்.

இந்தக் குழந்தைக்குத் தாய்மாமன் இல்லை.

தணிகாசலத்தின் ஒரே மகன் முகிலன் நான்கு வருஷத்துக்கு முன் மோட்டார் சைக்கிளில் போகும்போது லாரியில் மோதிச் செத்தான். அவன் பின்னால் உட்கார்ந்திருந்தான். வண்டியை ஓட்டியவன் அவனுடைய சிநேகிதன் அய்யனார். அவனும் அதே இடத்தில் செத்தான்.

இப்போது வீட்டுப் பெண்கள் கூடிப் பேசி அய்யனாரின் தம்பி தேவராசுவை மடி கொடுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். தணிகாசலத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேள்விப்பட்டபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "கொன்னவன் தம்பி மடியில என் பேத்தியா?" என்று தட்டைத் தூக்கி எறிந்தார். தட்டு சுவரில் பட்டுத் திரும்பி மகளின் நெற்றியில் பட்டது.

மூன்று தையல்.

அன்று சாயங்காலமே மனைவி அவருடைய பையை எடுத்து வாசலில் வைத்தாள்.

*

பதினோராவது ஆள் வந்தாள்.

அஞ்சலாட்சி. வயது ஐம்பத்திரண்டு. முந்திரிக்கொட்டை உடைப்பது தொழில். கொட்டையின் தோட்டில் கசியும் எண்ணெய் பட்டுப் பட்டு அவள் விரல்கள் இரண்டாம் கணு வரை கறுத்திருந்தன. கையில் அரை லிட்டர் நல்லெண்ணெய். மடத்து விளக்குக்குக் கொண்டுவந்தது.

பாட்டிலை வைத்தாள். அம்மையாரைக் கும்பிட்டாள். தூணுக்கு அந்தப் பக்கம் இருந்தவரைப் பார்க்கவில்லை.

"அம்மா, என் சின்ன மகனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லணும் நீங்க. நாளைக்கு ஒரு வீட்டு விசேஷத்துல மடி கொடுக்கப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். என் பெரிய மகனைத் தின்ன வீடும்மா அது. அந்தப் படியை இவன் மிதிச்சா நான் கிணத்துல விழுவேன்னு சொல்லிட்டேன். விழு, எனக்கு வேட்டி எடுத்து வச்சாச்சுங்கிறான்."

"யாரைத் தின்ன வீடு?"

தூணுக்குப் பின்னாலிருந்து தணிகாசலம் எழுந்தார்.

அஞ்சலாட்சி திரும்பினாள். அடையாளம் தெரிய அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

"ஓ, இங்கதான் குந்தியிருக்கீங்களா கண்டக்டரே! கட்டின பொண்டாட்டி துரத்திட்டான்னு ஊரே சிரிக்குதே, எங்க போனாருன்னு பார்த்தேன்."

"என் வீட்டு விசேஷத்துக்கு உன் மகனை நான் கூப்பிடல. தெரிஞ்சுக்க. அவன் வந்தா காலை ஒடிப்பேன்."

"ஒடிப்பீங்க, ஒடிப்பீங்க. பெத்த பொண்ணு மண்டைய ஒடிச்ச கைதானே!"

தணிகாசலம் ஓர் அடி முன்னால் வைத்தார். கணக்கு வாத்தியாரின் மனைவி "ஐயய்யோ" என்றாள். மீட்டர்காரர் தம் கருவியை மடியில் பத்திரப்படுத்திக்கொண்டார்.

அம்மையார் கையை உயர்த்தினார்.

"கோதண்டம், பழத்தை எடுத்து வா."

*

அந்த மடத்தில் முதல் பழத்துக்கு ஒரு முறை உண்டு.

அன்றைக்குக் குறை சொல்ல வந்தவர்தான் அதை அறுக்க வேண்டும். சுளைகளை வாய்விட்டு எண்ண வேண்டும். இருக்கும் எல்லோருக்கும் சமமாகப் பங்கு. பங்கில் அடங்காமல் மிஞ்சுவதை ஓர் இலையில் வைத்து மரத்தடியில் வைத்துவிட வேண்டும். அதற்கு வராதவர் பங்கு என்று பெயர். அதை யாரும் எடுக்கக்கூடாது. அணில் எடுக்கலாம்.

அறுக்கிற வேலைக்குப் பயந்து முதல் பழத்தன்று யாரும் குறை சொல்வதில்லை. அதற்கு முந்தின ஆறு வருஷமும் வைத்தியலிங்கம்தான் அறுத்தான். அவனுக்கு எப்போதும் ஒரு குறை உண்டு.

"இந்த வருஷம் குறை ரெண்டு," என்றார் அம்மையார். "பழம் ஒண்ணு. கத்தி ஒண்ணு. உக்காருங்க."

"இவகூடவா?" என்றார் தணிகாசலம்.

"இவரு எதிர்லயா?" என்றாள் அஞ்சலாட்சி.

அம்மையார் தரையைக் காட்டினார்.

இருவரும் உட்கார்ந்தார்கள். நடுவில் சாக்கு. சாக்கின் மேல் பழம். பத்தொன்பது கிலோ இருக்கும் என்றான் கோதண்டம்.

அஞ்சலாட்சி தன் பாட்டிலைத் திறந்து ஒரு கொட்டாங்கச்சியில் எண்ணெய் ஊற்றினாள். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை தடவிக்கொண்டாள். கத்திக்கு இரண்டு பக்கமும் தடவினாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டாங்கச்சியை எதிர்ப்பக்கம் தள்ளினாள்.

"தடவிக்கங்க."

"நீ கொண்டுவந்த எண்ணெய் என் கையில படாது."

"பால் புடிக்கும்."

"புடிக்கட்டும்."

"படாட்டிப் போங்க. எனக்கென்ன?"

அவர் கத்தியை எடுத்தார். அதில் அவள் தடவியிருந்த எண்ணெயைத் தம் துண்டால் துடைத்தார். ஒரு தடவை துடைத்தது போதவில்லை என்று இன்னொரு தடவை துடைத்தார்.

பிறகு வெட்டினார்.

யாரை வெட்டினாரோ, பழத்தை அப்படி வெட்டினார். வெள்ளைப் பால் வடிந்தது. கத்தி பாதியில் சிக்கியது. ஆட்டி இழுத்தார். வரவில்லை. கையை உள்ளே விட்டுப் பிளந்தார். பழம் இரண்டானது. ஒரு பாதியை அவள் பக்கம் உருட்டினார்.

அவள் விரல்கள் பழத்துக்குள் போய்ப் போய்ச் சுத்தமாக வெளியே வந்தன. "ஒண்ணு. ரெண்டு. மூணு." எச்சில் இலையைப் பார்ப்பது போல அவரைப் பார்த்துக்கொண்டே எண்ணினாள்.

அவரும் எண்ணினார். பத்து வரை குரல் கம்பீரமாக இருந்தது. இருபதில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பித்தன. முப்பதில் பெருவிரலில் ஒரு சுளை ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. உதறினார். விழவில்லை. முப்பத்தொன்றில் மீசைமேல் ஈ உட்கார்ந்தது. விரட்டக் கையை ஓங்கினார்.

கை மீசையில் ஒட்டிக்கொண்டது.

மீட்டர்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். அக்காளும் தங்கையும் முந்தானையைக் கடித்தார்கள். பேசாத விரதக் கிழவர் சத்தமே இல்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார்.

"கண்டக்டர் தனக்குத் தானே விசில் ஊதிக்கிறார்," என்றான் வைத்தியலிங்கம்.

தணிகாசலம் கையைப் பிடுங்கினார். மீசையில் பாதி கையோடு போனது போலிருந்தது. எழுந்து குடத்தடிக்கு ஓடினார்.

தண்ணீர் ஊற்றித் தேய்த்தார். பால் திரிதிரியாகத் திரண்டது. போகவில்லை. சாம்பலை அள்ளித் தேய்த்தார். அரப்புப் பொடி தேய்த்தார். மணலை அள்ளித் தேய்த்தார். ஒரு குடம் காலியானது. இப்போது கையில் பால், சாம்பல், அரப்பு, மணல், நான்கும் இருந்தன.

அழுத்தித் தேய்த்தார். இன்னும் அழுத்தினார். புறங்கையில் தோல் கன்றி ரத்தம் துளிர்த்தது.

இரண்டாவது குடத்தை இழுத்தார்.

அம்மையார் எழுந்து வந்தார். அந்தக் குடத்தைக் காலால் எட்டி உதைத்தார்.

தண்ணீர் முற்றம் முழுவதும் ஓடியது. சிரித்தவர்கள் நிறுத்தினார்கள்.

"நாப்பத்தெட்டு நாள் பத்தாதா?" என்றார் அம்மையார்.

திரும்பிப் போய்த் தம் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

*

தணிகாசலம் நின்றார். இரண்டு கையும் விரித்தபடி, மணல் ஒட்டிய உடும்பின் கால் மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார்.

அம்மையாரைத் திட்ட முடியாது.

அஞ்சலாட்சி எண்ணிக்கொண்டிருந்தாள். "அறுபத்தாறு. அறுபத்தேழு."

"ஏய்!" என்றார். "எண்ணாதே! என்ன எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கே? உனக்கு என்ன, இன்னொரு பிள்ளை இருக்கான். எண்ணுவே. எனக்கு இருந்தது ஒண்ணு. ஓட்டினவன் யாரு? உன் மகன். லாரி வருதுன்னு கண்ணு தெரியலையா அவனுக்கு? கொன்னுட்டாண்டி! என் பிள்ளையைக் கொன்னுட்டுத்தான் அவன் செத்தான்!"

அறுபத்தெட்டாவது சுளை அவள் கையிலேயே இருந்தது. அதை மெதுவாக வாழையிலையில் வைத்தாள்.

எழுந்தாள்.

"ஓட்டினவன் என் மகன். சரி. வந்து வாசல்ல ஆரன் அடிச்சவன் யாரு?"

"என்ன?"

"என் பிள்ளை சோத்துல கைய வச்சிருந்தான்யா. நெத்திலிக் குழம்பு. ரெண்டு வாய்தான் தின்னான். உங்க மகன் வாசல்ல நின்னு ஆரன் அடிச்சான். ஒரு தடவை இல்ல, மூணு தடவை. என் பிள்ளை எச்சக் கையோட எழுந்தான். கையக் கழுவிட்டுப் போடான்னேன். வந்து கழுவிக்கிறேன்னான். கழுவலய்யா! ஆஸ்பத்திரியில துணியை விலக்கிக் காட்டுனப்ப அந்தக் கையில குழம்பு காஞ்சிருந்துச்சு!"

தணிகாசலம் வாயைத் திறந்தார்.

"இருங்க, நான் முடிக்கல. அந்த வண்டி யாரு வண்டி? உங்க மகன் வண்டி. வேலை இல்லாத பிள்ளைக்கு அவ்வளவு பெரிய வண்டி எங்கேர்ந்து வந்துச்சு? வாங்கிக் குடுத்தது யாரு? நீங்கதானே? கொன்னவன் யாருங்கிறீங்களே, நீங்கதான்யா!"



நான்கு வருஷமாக எல்லோரும் அவரிடம் விதி என்றார்கள். போக்குவரத்துத் தொழிலாளர்கள் மாலையோடு வந்து விதி என்றார்கள். சம்பந்தி விதி என்றார். மனைவி ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். மகள் தலையைக் கோதிவிட்டாள். குளிர்ந்த பேச்சு, குளிர்ந்த கை, குளிர்ந்த தண்ணீர். எல்லாம் மேலே பட்டு வழிந்து போயிற்று.

இதை ஒருவரும் சொன்னதில்லை.

அவர் மட்டும் தினமும் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆமா," என்றார் தணிகாசலம்.

அஞ்சலாட்சி அடுத்த சொல்லை வாயில் வைத்திருந்தாள். அது வெளியே வரவில்லை.

"நான்தான் வாங்கிக் குடுத்தேன். அவங்கம்மா வேணாம்னா. வண்டி வந்தா வீட்டுல தங்க மாட்டான்னு காலைப் புடிச்சா. நான்தான், ஆம்பளைப் பிள்ளைன்னா அப்படித்தான் இருப்பான்னு..."

கண் நிறைந்தது. துடைக்கக் கையைத் தூக்கினார்.

"கண்ணுல கைய வைக்காதீங்க!" என்று அஞ்சலாட்சி அலறினாள். "இமை ஒட்டிக்கும்! கிழவனுக்கு மூளை இருக்கா பாரு!"

அவர் கையை அப்படியே நிறுத்தினார். கண்ணீர் கன்னத்தில் இறங்கி, பால் ஒட்டிய மீசையில் நின்றது. துடைக்க வழியில்லை.

அவள் கொட்டாங்கச்சியை எடுத்து வந்தாள். அவர் கையை முரட்டுத்தனமாகப் பிடித்து இழுத்தாள். எண்ணெயைக் கவிழ்த்தாள்.

"நீட்டுங்க. விரலை விரிங்க. விரிக்க வரலையா? விரிக்கிற மாதிரியா வச்சிருக்கீங்க? தண்ணியாம், மணலாம்! பாலை எடுக்கத் தண்ணி என்னய்யா செய்யும்? இனம் இனத்தோடதான் போகும். பிசுக்கைப் பிசுக்குதான் எடுக்கும். இருபத்தஞ்சு வருஷமா கொட்டை உடைக்கிறவ சொல்றேன், கேளுங்க."

தேய்த்தாள். திட்டிக்கொண்டே தேய்த்தாள். அவர் மகனைத் திட்டினாள். அந்த வண்டியின் நிறத்தைத் திட்டினாள். அவருடைய மீசையைத் திட்டினாள். அவள் கறுத்த கட்டைவிரல் அவர் விரல் இடுக்குகளில் போய்ப் போய் வந்தது. பால் குழைந்தது. முதலில் மணல் உதிர்ந்தது. பிறகு சாம்பல். சுண்டுவிரல் முதலில் தனியாகப் பிரிந்தது.

அடுத்தது மோதிர விரல்.

அப்போது அவள் திட்டுவது நின்றது. கை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தது.

"எங்க மேல தப்பில்லைன்னு நான் சொல்லல," என்றாள். குரல் இறங்கியிருந்தது. அவருக்கு மட்டும் கேட்டது. "வாசல் வரைக்கும் வந்தேன். உங்க மகன்தான் முன்னால உக்காந்திருந்தான். அவன் வேகமா ஓட்டுவான்னு எனக்குப் பயம். அவனை எறங்கச் சொன்னேன். நீ ஓட்டுடான்னு என் மகன்கிட்டச் சொன்னேன். நான்தான் சொன்னேன்."

நடு விரல் பிரிந்தது.

"எச்சக் கையால கைப்புடியப் புடிச்சான். வழுக்கியிருக்குமோ என்னவோ. இதை யார்கிட்டயும் நான் சொன்னதில்ல. சின்னவன்கிட்டக்கூட."

தணிகாசலம் தம் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு கையை நீட்டினார்.

*

மீதிச் சுளைகளை அவர் எண்ணெய் தடவிய கையால் எடுத்தார். கத்தியை அவளிடமே கொடுத்து எண்ணெய் போடச் சொன்னார். கோபம் இருவருக்கும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. இடையில் ஒரு தடவை சண்டை வந்தது. பிஞ்சுச் சுளையை எண்ணிக்கையில் சேர்ப்பதா கூடாதா என்று.

"முப்பத்திரண்டு வருஷம் தலை எண்ணினவன்கிட்டக் கணக்கு சொல்றியா? கைக்குழந்தைக்கு டிக்கெட் கிடையாது."

"இது கைக்குழந்தை இல்ல. அரை டிக்கெட்."

சேர்த்தார்கள்.

"உன் சின்னவன்," என்றார் அவர், பழத்தைப் பார்த்துக்கொண்டே. "நாளைக்கு எத்தனை மணிக்கு வருவான்?"

அவள் ஒரு சுளையின் நாரை ஒவ்வொன்றாக உரித்தாள்.

"எட்டரைக்கே வந்துடுவான். வேட்டிதான் எடுத்து வச்சிருக்கானே தவிர, கட்டத் தெரியாது. குழந்தையை மடியில வச்சதும் அவுந்துக்கும். பெரியப்பா நீங்கதான் இழுத்துக் கட்டிவிடணும்."

தணிகாசலம் தலையை அசைத்தார். இரண்டு தடவை அசைத்தார்.

டம்ளரில் தண்ணீர் மட்டும் இருந்தது. உருண்டை அதில் இல்லை. எப்போது எடுத்தாரோ, அம்மையார் அதை அந்த எண்ணெய்க் கொட்டாங்கச்சியில் போட்டு வெயிலில் வைத்திருந்தார். தணிகாசலம் குனிந்து ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார்.

முழுக்கக் கரைந்திருக்கவில்லை. விரல் உள்ளே போனது.

"கணக்கு?" என்றார் அம்மையார்.

"என் பக்கம் எழுபத்தொன்பது."

"என் பக்கம் எழுபத்தேழு."

"நூத்தி அம்பத்தாறு," என்றார் கணக்கு வாத்தியார். "பதினொரு பேர். ஆளுக்குப் பதினாலு."

மீட்டர்காரர் தம் கருவியில் போட்டுப் பார்த்துச் சரி என்றார்.

வைத்தியலிங்கம் பதினொரு இலை போட்டான். தணிகாசலம் ஓர் ஓரத்திலிருந்தும் அஞ்சலாட்சி இன்னோர் ஓரத்திலிருந்தும் வைத்துக்கொண்டே வந்தார்கள். பதினாலு. பதினாலு. பதினாலு. ஆறாவது இலையில் இருவரும் சந்தித்தார்கள். அவர் ஏழு வைத்தார். அவள் ஏழு வைத்தாள்.

முடிந்தது. சுளைகளைக் குவித்திருந்த பெரிய இலை காலியாக வேண்டும். ஆகவில்லை.

இருவரும் அதைப் பார்த்தார்கள். இருவரும் அதைத் தொடவில்லை.

"வராதவர் பங்கு எவ்வளவு?" என்று கேட்டார் அம்மையார்.

தணிகாசலம் முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் எண்ணிக்கையைச் சொல்லத் தயங்கியவர் அல்ல. அன்று தொண்டையைச் செருமிக்கொண்டார். அஞ்சலாட்சி அந்த இலையை எடுத்து, சுளைகள் உருளாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, மரத்தடிக்கு நடக்க ஆரம்பித்திருந்தாள்.

"ரெண்டு," என்றார்.